ஒரு பெட்டி நெருப்பும் முருகன் காலண்டரும்

வளைகுடாவில் குளிர்கிறது என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். விருதுநகரில் இருக்கும் என் தங்கை ஜனவரியிலும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் போன் பேசுவாள். "பாலைவனத்துல உக்காந்துக்கிட்டுக் குளிருதுங்கிற பாரு, அதுக்குத் தனியா ஒரு வாய் வேணும்க்கா" என்பாள். அந்த நேரத்தில் நான் அல் ஐனில் இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் கணவரின் பழைய கோட்டு என்று தலையணை உறைக்குள் திணித்த பஞ்சாக உட்கார்ந்திருப்பேன்.

வெளியே இதமான வெயில்தான் அடிக்கும். வீட்டுக்குள்தான் குளிர். இங்கே வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு எதிரிதான், ஜூன் மாதம். அதை உள்ளே விடக் கூடாது என்று தடித்த சுவர், உயர்ந்த கூரை, சின்ன ஜன்னல், தரையெல்லாம் மார்பிள் என்று கட்டிவிடுகிறார்கள். ஜனவரி ஒன்று இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ராத்திரி பாலைவனக் குளிர் உள்ளே நுழைந்தால் பகலெல்லாம் வெளியே போவதில்லை. இட்லி மாவு மூன்று நாளானாலும் பொங்காமல் அரைத்து வைத்த அன்றைக்கு இருந்த முகத்தோடேயே இருக்கும். நாங்கள் இருப்பது ஒரு பழைய வில்லா. அதில் எத்தனையோ வசதி உண்டு, சூடாக்க மட்டும் ஒரு துரும்பும் கிடையாது.

ஏசி இருக்கிறது, கூரைக்கு மேலே ஒளிந்திருக்கும் பெரிய ஏசி. ஒவ்வோர் அறையின் கூரையிலும் காற்று இறங்க ஒரு தகரச் சட்டம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹாலில் ஒரே ஒரு கண்ட்ரோல். சுவரில் பதித்த சின்னப் பெட்டி, அதில் வெப்பநிலை வைக்க ஒரு திருகு, கீழே இரண்டு குட்டி ஸ்விட்ச்சுகள். ஒரு ஸ்விட்ச்சில் 'ஹீட்' என்றுகூட எழுதியிருக்கும். வந்த புதிதில் ஆசையாக அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அது வெறும் எழுத்து.

அந்தத் திருகை வைத்து எங்கள் வீட்டில் நடந்த சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணவர் கோயமுத்தூர்க்காரர். சிறுவாணித் தண்ணீரும் சிலுசிலு காற்றும் தன் பிறப்புரிமை என்று நினைப்பவர். அவருக்கு இருபது டிகிரி வேண்டும். கந்தக பூமியில் வளர்ந்த எனக்கு இருபத்தைந்துக்குக் கீழே போனாலே மூக்கில் நீர் வடியும். அவர் திருகைக் குறைப்பார். அவர் குளிக்கப் போனதும் நான் கூட்டுவேன். நான் சமையலறைக்குப் போனதும் அவர் குறைப்பார். இப்படியே போனதில், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எங்கள் மகள் ஒரு நாள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே இருபத்திரண்டில் திருகை வைத்தாள். கிரோசரிக் கடையில் கொடுத்த முருகன் காலண்டரை அதன்மேல் மாட்டினாள். "இனிமே யாரும் இதைத் தொடக் கூடாது. முருகன் பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள்.

நாங்கள் தொடவில்லை. வருடா வருடம் காலண்டர் மாறும், முருகன் மயில்மேல் ஏறுவார், இறங்குவார், வள்ளி தெய்வானையோடு நிற்பார். பின்னால் திருகு மட்டும் இருபத்திரண்டிலேயே இருக்கும். ஏசியை அணைக்கிற வழக்கமும் கிடையாது. குளிர்காலத்தில் ஹால் இருபத்திரண்டைத் தொடுவதே இல்லை என்பதால் அது குளிர்விக்காமல் வெறும் காற்றை மட்டும் ஊதிக்கொண்டிருக்கும். ஊதிவிட்டுப் போகட்டும். இங்கே ஏசியை அணைப்பது என்பது ஊரில் வாசல் கதவைக் கழற்றி வைப்பது மாதிரி, யாருக்கும் தோன்றாத காரியம்.

அந்தப் பஞ்சாயத்துத் தலைவி வளர்ந்து படிப்புக்காகக் கனடா போனாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. போன குளிர்காலத்தில் முதல் விடுமுறைக்கு வந்தாள். வந்த மறுநாளே போர்வையைப் போர்த்திக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"அம்மா, அங்க வெளிய பனி கொட்டுது, உள்ள நான் அரைக்கைச் சட்டையோட உக்காந்து படிக்கிறேன். இங்க வெளிய வெயில் அடிக்குது, உள்ள எனக்கு மூக்கு உறைஞ்சுபோச்சு. இது என்னம்மா வீடு?"

இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று துபாயில் தோழியின் பிளாட்டுக்குப் போனாள். தோழியின் அறை தீப்பெட்டி அளவுதான், ஆனால் அடுக்குமாடியில் நாலு பக்கமும் வீடுகள் இருப்பதால் கதகதப்பாக இருக்குமாம். இரண்டு நாள் என்று போனவள் விடுமுறை முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, பெட்டியை எடுக்க மட்டும் வந்தாள். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மாமியார் கொடுமை, மருமகள் கொடுமை என்றால் நாலு வார்த்தை கேட்கலாம். பிள்ளையைப் பிரித்தது ஒரு மார்பிள் தரை என்றால் யாரைப் போய்த் திட்டுவது?

இந்த வருடம் போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "மூணு வாரம் வர்றேம்மா. ஆனா ரொம்பக் குளிருச்சுன்னா அவ ரூமுக்குப் போயிருவேன். கோவிச்சுக்காத." நான் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை அவளை அந்தத் துபாய்ச் சாலையில் ஏற விடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரமும் அவள் அறையில், அவள் கட்டிலில், என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அதற்கு அவள் அறை சூடாக வேண்டும். என் தேவை அவ்வளவுதான்.

வழி அவளே காட்டினாள். ஒரு நாள் வீடியோவில் பேசும்போது அவளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் தீ ஆடிக்கொண்டிருந்தது. அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளின் அடுப்பாம். சமைக்கிற அடுப்பு இல்லை, வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு. மரத்தூளை அழுத்திச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து, மூட்டையில் விற்கிறார்கள். பெல்லெட் என்று பெயர். மூட்டையைப் பெட்டியின் தலையில் கொட்டிவிட்டால், உள்ளே இருக்கும் ஒரு திருகாணி சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீயில் போடுமாம். எத்தனை டிகிரி வேண்டும் என்று வைத்துவிட்டால் அதற்குத் தகுந்தபடி கூட்டியும் குறைத்தும் அதுவே எரித்துக்கொள்ளும். கணவர் ஓர் இன்ஜினியர். அவர் கண்ணில் அந்தத் தீ அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஒரு மூட்டை எத்தனை நேரத்துக்கு வருமுன்னு அந்த அம்மாவக் கேளு கண்ணு."

"பனிக் காலத்துல ஒரு நாளைக்கு ஒரு மூட்டையாம்ப்பா. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். பொது அறிவுக்கு."

அவருடைய பொது அறிவு அதற்குப் பிறகு இரவு பகலாக வளர்ந்தது. பழைய சாமான் விற்கும் தளங்களில் தேடித் தேடி, வேலை முடிந்து ஊர் திரும்பும் ஓர் இத்தாலிக்காரரைக் கண்டுபிடித்தார். அந்த மனிதர் வரும்போது வீட்டுச் சாமானோடு சேர்த்து இந்த அடுப்பையும் கண்டெய்னரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பாலைவனத்துக்கு அடுப்பு கொண்டு வந்தவர் என்று ஆபீஸில் எல்லோரும் சிரித்ததில் வெட்கப்பட்டுக் கட்டுப் பிரிக்காமலே வைத்திருந்தாராம். அதை வாங்க ஓர் ஆள் வந்தது அவருக்குப் பெரிய ஆறுதல். கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். தன்னைவிட ஒரு படி மேலான ஆளைப் பார்த்துவிட்ட நிம்மதி அது என்று நான் சொன்னேன். கணவர் சிரிக்கவில்லை.

அடுத்தது புகை போகக் குழாய். சனையாவில், அதாவது பட்டறைகள் இருக்கும் பேட்டையில், ஏசிக்குக் காற்றுக்குழாய் செய்யும் கடை ஒன்றில் போய்ச் சொன்னோம். வருடம் முழுக்கக் குளிர்ந்த காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய் செய்கிறவர்களிடம், சூடான புகையை வெளியே தள்ளும் குழாய் கேட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு செய்து கொடுத்தார்கள். சுவரில் துளை போட வேண்டிய வேலை இருக்கவில்லை. ஒரு காலத்தில் ஜன்னல் ஏசி இருந்த ஓட்டையைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பலகையை எடுத்துவிட்டு, குழாய்க்கு மட்டும் வட்டம் வெட்டிய தகரத்தை அங்கே பொருத்தி, குழாயை அதன் வழியே வெளியே விட்டோம்.

வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்கப் பயமாகத்தான் இருந்தது. அர்பாப் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம், முதலாளி என்று அர்த்தம். நல்ல மனிதர், வயதானவர். குளிர்காலம் வந்தால் தன் பண்ணையில் மணலில் விறகைக் குவித்துக் கொளுத்தி, சுற்றி உட்கார்ந்து காவா என்கிற அரபுக் காப்பி குடிப்பவர். தீயைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வந்தார். அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பின்னால் தொங்கிய மின்சார வயரையும் பார்த்தார்.

"யே ஆக் மாஃபி" என்றார். இது தீயே இல்லை என்கிறார். "யே டிவி."

அனுமதி கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும், "டிவி குவைஸ்?" என்று கேட்பார். டிவி நன்றாக ஓடுகிறதா என்று விசாரிப்பு.

அடுப்பு வந்தாயிற்று, எரிக்க என்ன செய்வது? வீட்டைச் சூடாக்கும் பெல்லெட் இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. கணவர் விடவில்லை. மரத்தூள் துண்டுகளை இங்கே வேறு யாரோ வாங்கத்தான் வேண்டும் என்று தேடியதில், குதிரை லாயங்களில் தரையில் பரப்புவதற்கு அதே சரக்கு மூட்டை மூட்டையாக விற்கிறது என்று தெரிந்தது. குதிரை படுக்க மெத்தை. ஒட்டகச் சந்தைப் பக்கம் தீவனக் கடை வைத்திருக்கும் ஒரு பாகிஸ்தானியரிடம் போனோம். அனுபவப்பட்ட வியாபாரி, விசாரிக்காமல் சரக்குக் கொடுக்க மாட்டார்.

"கித்னே கோடே?" எத்தனை குதிரை என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் எரிக்கப் போகிறோம் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த ஹிந்தி போதவில்லை. "ஏக்" என்றார். ஒன்று.

அப்படி எங்களுக்கு ஒரு குதிரை வந்தது.

அடுப்பைப் பற்றவைத்த நாளில் நான் அதற்கு மூன்று பட்டை விபூதி பூசி, பொட்டு வைத்து, சூடம் காட்டினேன். புது வண்டிக்குச் செய்வதைப் புது அடுப்புக்குச் செய்யக் கூடாதா? எலுமிச்சம்பழத்தைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வண்டியென்றால் சக்கரத்துக்குக் கீழே வைக்கலாம். கடைசியில் பழத்தை ரசத்துக்குப் பிழிந்துவிட்டேன். கணவர் பட்டனை அழுத்தினார். உள்ளே கடகடவென்று துண்டுகள் விழுந்தன, கொஞ்ச நேரத்தில் சின்னதாக ஒரு தீ எழுந்து கண்ணாடிக்குப் பின்னால் ஆட ஆரம்பித்தது. சூடான காற்று முகத்தில் அடித்தது. பல வருடம் கழித்து ஒரு ஜனவரியில் நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்லவும் செய்தேன்.

சொன்னதுதான் தப்பு. அடுத்த நாளிலிருந்து அடுப்பு தன் புத்தியைக் காட்டத் தொடங்கியது.

கணவர் அறைக்கு ஒன்றாக வெப்பமானி வாங்கி வைத்திருந்தார். அடுப்பை இருபத்து நான்கில் வைத்தார். ஹால் பதினெட்டிலிருந்து மளமளவென்று ஏறி இருபத்திரண்டுக்கு வந்தது. வந்து அங்கேயே நின்றது. மகளின் அறையில் போய்ப் பார்த்தால் பதினேழு. அவர் அடுப்பை இருபத்தாறுக்குக் கூட்டினார். தீ கண்ணாடியை நக்கிக்கொண்டு எரிந்தது, ஹால் அசையவில்லை, அதே இருபத்திரண்டு. மகளின் அறை பதினைந்து.

நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். பதினைந்தேதான். எரிக்க எரிக்க அந்த அறை குளிர்கிறது. இப்படி ஓர் அடுப்பை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மூட்டைக் கணக்கும் உதைத்தது. பனி கொட்டும் கனடாவில் ஒரு நாளைக்கு ஒரு மூட்டை போதுமாம். வெயில் காயும் அல் ஐனில் எங்கள் அடுப்பு மதியத்துக்குள் ஒரு மூட்டையை முழுங்கிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறந்தது. தீவனக் கடைக்காரருக்கு எங்கள் குதிரைமேல் கவலை வந்துவிட்டது. இவ்வளவு மெத்தை போடுகிறீர்களே, அது எழுந்திருப்பதே இல்லையா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஹிந்தியில் விசாரித்தார். கணவர் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டிவிட்டு வந்தார்.

"சுவத்து வழியா வெப்பம் வெளிய போகுதாட்ட இருக்குது அம்மிணி" என்றார்.

சுவருக்குத் திரைச்சீலை மாட்டினார். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தார். ஜன்னல் ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். டேப்பை ஒட்டிவிட்டு வந்து பார்த்தால் ஹால் இருபத்திரண்டு. மெத்தை விரிப்பை மார்பிளில் பரப்பினார். இருபத்திரண்டு. குதிரைச் சரக்கு மட்டம் என்று வேறு கடை மூட்டையைப் போட்டுப் பார்த்தார். அப்போதும் இருபத்திரண்டு.

"அந்த இத்தாலிக்காரன் ஏன் உங்க கைய அப்படிக் குலுக்குனான்னு இப்பத் தெரியுதா?" என்றேன்.

"அடுப்பு மேல தப்பில்ல. வீட்டு மேலதான் தப்பு."

"அப்ப வீட்டத் திருப்பிக் குடுத்துட்டு அடுப்புக்குள்ள குடியிருப்போம்."

 வாய்க்கு வாய் பேசிக்கொண்டாலும் மனதில் இருவருக்கும் ஒரே கவலைதான். மகள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளையே கேட்டிருந்தால் அந்தக் கனடா அம்மாளிடம் விசாரித்துச் சொல்லியிருப்பாள். ஆனால் அடுப்பு வாங்கியதை அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்தோம். வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. அவள் அறையில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டு, "முருகா, ரெண்டு டிகிரி போட்டுக் குடு, போதும்" என்று நான் வேண்டியது உண்மை. ஹாலில் காலண்டரில் இருந்தவர் மயில்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் மகள் வந்து இறங்கினாள். கதவைத் திறந்து அடுப்பைப் பார்த்ததும் பெட்டியை அப்படியே விட்டாள். "அப்பா, சீரியஸா? அல் ஐன்ல பெல்லெட் ஸ்டவ்வா?" என்று கேட்டு, அதற்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கேயே இட்லி சாப்பிட்டாள். மாவுச் சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் பல ஜனவரிகளுக்குப் பிறகு இட்லி பஞ்சாக வந்திருந்தது. அவள் அப்பா எதிரில் உட்கார்ந்து திருகாணி எப்படிச் சுற்றுகிறது என்று விளக்கினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. சாப்பிட்டு முடித்து, விமானத்தில் தூங்கவில்லை, கொஞ்சம் படுக்கிறேன் என்று தன் அறைக்குப் போனாள்.

நான் சமையலறையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு நறுக்காமல் நின்றேன். காது மட்டும் அவள் அறையில் இருந்தது. கதவு திறந்தது. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து நின்றாள், கையில் போன். அந்த நிற்பை எனக்குத் தெரியும். போன வருடமும் இதே மாதிரிதான் வந்து நின்றாள்.

"அம்மா..."

"இரு, இரு. அப்பா இன்னொரு மூட்டை போடுவாரு. கொஞ்ச நேரத்துல சூடாயிரும். நீ போய்ப் படு" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. கணவர் ஓடிப்போய் மூட்டையைப் பிரித்து மொத்தமாகக் கொட்டினார். அடுப்பு கடகடவென்று தின்றது. மகள் மறுபடி உள்ளே போனாள். நாங்கள் இருவரும் ஹாலில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். சற்று நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். இப்போது போர்வை இல்லை, புருவம் சுருங்கியிருந்தது.

"அப்பா, என் தலைக்கு நேரா ஐஸ் காத்து இறங்குது. ஏசி ஓடுது."

"ஏசி எதுக்குக் கண்ணு இப்ப ஓடுது? குளிர்காலத்துல அதுக்கு வேலையே இல்ல."

"ஓடுதுப்பா. சத்தம் கேக்கல?"

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் நேரே காலண்டரிடம் போனாள். இரண்டு கையாலும் முருகனைக் கழற்றி, பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சோபாவில் சாய்த்து வைத்தாள். பின்னால் அந்தப் பெட்டி இருந்தது. திருகு இருபத்திரண்டில். அவள் அதைப் பார்த்தாள், திரும்பி அடுப்பில் ஒளிர்ந்த இருபத்தாறைப் பார்த்தாள், மறுபடி திருகைப் பார்த்தாள். பிறகு அப்படியே மார்பிளில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் மூன்று தடவை சொல்ல ஆரம்பித்து மூன்று தடவையும் நிறுத்தினாள்.

"நீங்க இங்கிட்டு சூடாக்குறீங்க. முருகன் அங்கிட்டு குளிராக்குறாரு."

விஷயம் அவ்வளவுதான். அடுப்பு ஹாலைச் சூடாக்கி இருபத்திரண்டைத் தாண்டியதும், கூரைக்கு மேலே இருந்த ஏசி கோடைக்காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்திருக்கிறது. ஹாலில் அடுப்பும் ஏசியும் மல்லுக்கட்டி இருபத்திரண்டில் நின்றிருக்கின்றன. அடுப்பு இல்லாத அறைகளில் ஏசிக்குப் போட்டியே கிடையாது. நாங்கள் தீயைக் கூட்டக் கூட்ட அது மகளின் அறையில் இன்னும் மும்முரமாகக் குளிர்காற்றைக் கொட்டியிருக்கிறது. அத்தனை குதிரை மெத்தையையும் எரித்து நாங்கள் அவள் அறையை ஐஸ்பெட்டி ஆக்கிக்கொண்டிருந்தோம்.

கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜன்னலில் தான் ஒட்டிய டேப்பைப் பார்த்தார், சுவரில் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்தார், கடைசியில் சோபாவில் சாய்ந்திருந்த முருகனைப் பார்த்தார். "ஆமா அம்மிணி, அதத் தொடக் கூடாதுன்னு வெச்சிருந்தோமுல்ல" என்றார். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய இருபதும் என்னுடைய இருபத்தைந்தும் முடிந்துபோன சண்டை என்று நினைத்திருந்தேன். நாங்கள் ஒதுங்கிக்கொண்ட பிறகு இரண்டு இயந்திரங்கள் அதை எடுத்து நடத்திக்கொண்டிருந்திருக்கின்றன.

மகள் ஏசியை மொத்தமாக அணைத்தாள். வீடு சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. கணவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இத்தனை வருடம் அவர் இவ்வளவு சத்தமாகவா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று ஆச்சரியப்பட்டேன். ஹால் விறுவிறுவென்று இருபத்தைந்துக்குப் போனது. கதவுகளைத் திறந்து வைத்ததில் அறைகளும் மெல்ல ஏறின. பிரச்சினை தீர்ந்தது என்று மூவரும் மதியத் தூக்கத்துக்குப் போனோம்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. புரண்டு படுத்தேன். பக்கத்தில் அவரும் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதகதப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள், கக்கத்தில் தலையணை.

"தூக்கம் வரலம்மா."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "இன்னும் குளிருதா? அவ ரூமுக்குப் போகணுமா?" என்று கேட்டே விட்டேன்.

"குளிரல. சத்தம் இல்ல" என்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டாள். "அங்க போன புதுசுல இப்படித்தாம்மா. ரூம் சூடா இருக்கும், மெத்தை நல்லா இருக்கும், தூக்கம் மட்டும் வராது. ஏன்னே தெரியல. போன தடவை இங்க வந்தப்பதான் புரிஞ்சுது. நம்ம வீட்டுல எப்பவும் ஏசி சத்தம் இருக்கும். அங்க இல்ல."

"அதுக்கு?"

அவள் போனைத் தட்டினாள். போனிலிருந்து ஒரு ஹும் சத்தம் வந்தது. எங்கள் வீட்டு ஏசி. நடுவே லேசாக ஒரு தகரம் அதிரும் சத்தம்கூட அதில் இருந்தது, அது அவள் அறைக் கூரையின் சட்டம்.

"போன வருஷம் பெட்டி எடுக்க வந்தேன்ல, அன்னைக்கு ரெக்கார்ட் பண்ணேன். தினமும் இதைப் போட்டுத்தான் தூங்குவேன். அங்க என்கூட ரூம்ல இருக்கிறவ என்னைப் பைத்தியம்னு நினைக்கிறா."

நாங்கள் மூவரும் படுத்தபடி எங்கள் வீட்டு ஏசியைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று அதற்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். "என்னங்க, அந்தக் காலண்டர் ஏன் ஆடுது? திருகத் தொட்டீங்கன்னா பாத்துக்கங்க."

என் குரல்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாளே என்ற எரிச்சலை அவர்மேல் காட்டியிருந்திருக்கிறேன். கனடாவில், பனி கொட்டும் ஊரில், தினமும் அந்த அதட்டலைக் கேட்டுவிட்டு என் மகள் தூங்கியிருக்கிறாள். வீடு பிடிக்காமல் போகிறாள் என்று நான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் எழுந்து ஹாலுக்குப் போய்ப் பெட்டியில் இருந்த குட்டி ஸ்விட்ச்சுகளைத் தள்ளிப் பார்த்தாள். குளிர்விப்பதை அணைத்துவிட்டு, காற்றை மட்டும் ஊத விட்டாள். ஹும் என்று வீடு மறுபடி மூச்சு விட ஆரம்பித்தது. அடுப்பின் சூட்டை அந்தக் காற்றே இழுத்துக்கொண்டு போய் எல்லா அறைகளிலும் இறக்கியது. அவள் அறையில் வெப்பமானி இருபத்து மூன்றைக் காட்டியது. நான் போய்ப் பார்க்கும்போது போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், அரைக்கைச் சட்டையில்.

மூன்று வாரமும் இருந்தாள். துபாய்த் தோழிதான் இங்கே வந்தாள், வந்தவள் போக மனமில்லாமல் இருந்தாள். அவளுக்கும் இட்லி போட்டேன். முருகனைப் பழையபடி அதே ஆணியில் மாட்டினேன். அடுப்பு ஒரு நாளைக்கு ஒரு மூட்டையோடு அடங்கிக்கொண்டது, கனடா அம்மாள் சொன்ன கணக்கு.

மகள் ஊருக்குப் போவதற்கு முந்தைய வாரம் கணவரோடு தீவனக் கடைக்குப் போனேன். மூட்டை குறைவாக எடுப்பதைப் பார்த்துக் கடைக்காரர் பயந்துவிட்டார். கல்லாவிலிருந்து எழுந்தே வந்தார். "கோடா டீக் ஹை?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். குதிரை நன்றாக இருக்கிறதா என்று.

கணவருக்கு இந்தத் தடவை வார்த்தை தட்டவில்லை.

"பஹுத் அச்சா, பாய்" என்றார். "கர் மே ஹை. ஆராம் ஸே ஸோதா ஹை."

வீட்டில்தான் இருக்கிறது, நிம்மதியாகத் தூங்குகிறது.